மூச்சு வாங்கும் பொய்யிரை: கோனா கடலில் ஒரு தூண்டில் பகல்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ள பெருந்தீவின் மேற்குக் கரைக்குக் கோனா என்று பெயர். ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் சென்று பெருமீன்களைப் பிடிக்கும் ‘ட்ரோலிங்’ முறைக்கு அந்தக் கரை உலகப் புகழ் பெற்றதற்கு முதற்காரணம் அதன் நிலவியல்தான். கடலடியிலிருந்து எழுந்த எரிமலைகளே அத்தீவாக நிற்பதால் கண்டங்களின் ஓரத்தில் காணப்படும் அகன்ற ஆழமற்ற திட்டு அங்கே கிடையாது; கரையிலிருந்து சில கிலோமீட்டர் சென்றாலே கடலின் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வேறு நாடுகளில் பல மணி நேரம் படகோட்டி அடைய வேண்டிய ஆழ்கடலை, ஹொனோகோஹாவ் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் படகு, கரையிலுள்ள வீடுகள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே எட்டிவிடுகிறது.

இரண்டாவது காரணம் காற்று. வடகிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் வணிகக் காற்றை 4,207 மீட்டர் உயரமுள்ள மவுனா கேயாவும் அதைவிடச் சற்றே தாழ்ந்த மவுனா லோவாவும் மறித்து நிற்பதால், மலைகளுக்கு மேற்கே உள்ள கோனா கடல் பெரும்பாலும் ஏரியைப் போல் அமைதியாக இருக்கிறது. ஆனால் மலைகளால் தடுக்கப்பட்ட காற்று நின்றுவிடுவதில்லை. தீவுக்கும் வடக்கிலுள்ள மாவி தீவுக்கும் இடைப்பட்ட அலெநுயிஹாஹா கால்வாய் வழியாக நெருக்கியடித்து விரைகிறது. ஒருபுறம் பலத்த காற்று, மறுபுறம் காற்றே இல்லாத மறைவு என்ற இந்த ஏற்றத்தாழ்வு கடற்பரப்பைத் திருகுவதால், நூறு கிலோமீட்டர் அளவுக்கு அகன்று விரியக்கூடிய நீர்ச்சுழல்கள் கோனாவுக்கு மேற்கே உருவாகின்றன. இடஞ்சுழியாகச் சுற்றும் சுழலின் நடுவே ஆழத்துக் குளிர்நீர் மேலெழும்புகிறது; அந்நீரில் கரைந்துள்ள நைட்ரேட் முதலிய சத்துகள் ஒளி படும் அடுக்கை எட்டும்போது நுண்பாசிகள் பெருகி, அவற்றை உண்ணும் சிற்றுயிர்கள், அவற்றைத் தின்னும் கணவாய்கள், சூரைகள் என்று உணவுத்தொடர் நீள்கிறது. 1995ஆம் ஆண்டு கோனாவில் நடந்த பன்னாட்டுத் தூண்டில் போட்டியின்போது இத்தகைய சுழல் ஒன்று கரையருகே நின்றது. அப்போது கிடைத்த மீன்களின் இடங்களைச் சுழலின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த கடலியலாளர்கள், பெருமீன்களின் பரவலுக்கும் சுழலின் ஓட்டத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியுள்ளனர்.

அங்கே தேடப்படும் மீன் நீல மார்லின். தமிழகக் கரையில் மயில் மீன் என்றும் கொப்பரன் என்றும் மீனவர் அழைக்கும் ஈட்டிமூக்கு மீன்களின் குடும்பத்தில் மிகப் பெரிய இனங்களுள் ஒன்றாகிய இதில், ஆண் மீன் 150 கிலோவைத் தாண்டுவதே அரிது. பெண்ணோ அதைப்போல் பல மடங்கு வளரும். 1982இல் கோனாவில் பிடிபட்டு, விளையாட்டு மீன்பிடிப்பின் விதிகளை வகுக்கும் பன்னாட்டுச் சங்கத்தின் ஏட்டில் பசிபிக் நீல மார்லினுக்கான சாதனையாகப் பதிவான மீனின் எடை 1,376 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 624 கிலோ. 1970இல் ஓவாஹு தீவருகே பிடிபட்ட 1,805 பவுண்டு மீன் இதனினும் பெரியது; எனினும், தூண்டிற்கோலை ஒருவர் மட்டுமே தொடக்கம் முதல் இறுதி வரை கையாள வேண்டும் என்ற விதிக்கு மாறாகப் பலர் கைமாற்றிப் பிடித்ததால் அது ஏட்டில் ஏறவில்லை.

இவ்வளவு பெரிய மீனை உயிருள்ள இரையோ, வெட்டிய மீன்துண்டோ இல்லாமல், பிசினும் நெகிழிக் குஞ்சமும் சேர்ந்த கைவிரல் நீளத் தலையொன்றைக் காட்டிக் கவர முடிகிறது. இந்தப் பொய்யிரையின் மரபு அத்தீவுகளில் பழமையானது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஹவாய் மீனவர்கள், வயிற்றில் நீளவாட்டுக் கோடுகள் கொண்ட வரிச்சூரையைப் பிடிக்க, முத்துச்சிப்பியின் ஓட்டை இழைத்து உடலாகவும், எலும்பை முனையாகவும், பன்றி மயிரை வாலாகவும் வைத்து, ஒலொனா என்ற செடியின் நாரால் கட்டிய பொய்யிரைகளைப் பயன்படுத்தினர். சிப்பியின் நிறச்சாயல் ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதால், வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப் பல சிப்பிகளை அவர்கள் ஒரு தொகுதியாகவே வைத்திருந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கோனாவின் படகுத்தலைவர் ஹென்றி சீ, திரவப் பிசினை அச்சில் வார்த்துச் சாய்வாக வெட்டிய முகப்புடன் தலைகளைச் செய்யத் தொடங்கியதிலிருந்து இன்றைய வடிவம் பிறந்தது. ஓவாஹுவின் ஜோ யீ போன்றவர்கள் பின்னர் இதை ஒரு நுண்கலையாக வளர்த்தனர். ஆலைகள் ஆயிரக்கணக்கில் அச்சடித்துத் தரும் இந்நாளிலும் படகுத்தலைவர்கள் கையால் வார்த்த தலைக்கு அதிக விலை கொடுப்பதற்கு வெறும் பற்று மட்டும் காரணமாகாது. முகப்பின் சாய்வில் ஓரிரு பாகை மாறினாலும் நீரில் அதன் நடை மாறிவிடுகிறது என்பதே காரணம்.

செய்முறை எளிமையாகத் தோன்றும், பொறுமையைச் சோதிக்கும். ஸ்டைரீன் கலந்த பாலியஸ்டர் பிசினில் சில துளிகள் பெராக்சைடு வினைதூண்டியைச் சேர்த்தவுடன், தனித்தனியாக இருந்த நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து இறுகத் தொடங்குகின்றன. இப்பிணைப்பு வெப்பத்தை வெளியிடுவதால், வினைதூண்டி கூடினால் தலை சூடேறி வெடிப்பு விடும். குறைந்தால் நாள் முழுவதும் பிசுபிசுக்கும். இறுகும்போது பிசின் சற்றுச் சுருங்குவதால், நடுவே பதிக்கப்படும் சிப்பித்துண்டைச் சுற்றிக் காற்றிடைவெளி விழாமல் இரண்டு மூன்று தவணைகளில் ஊற்றுவது வழக்கம். அச்சிப்பியின் ஒளிர்வு சாயத்தால் வருவதன்று. ஏறத்தாழ அரை மைக்ரான் தடிமனுள்ள சுண்ணகத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்க, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் நிறங்களை உண்டாக்குகின்றன. தகட்டின் தடிமன் ஒளியின் அலைநீளத்தை ஒத்திருப்பதால்தான் இது நிகழ்கிறது. பின்னர் தங்கூஸ் நுழையும் குழாயைப் பொருத்தி, முகப்பைச் சாய்வாக வெட்டி, கரடான உப்புத்தாளில் தொடங்கி நுண்ணிய தாள் வரை தேய்த்து மெருகேற்றி, பின்கழுத்தில் வினைல் குஞ்சத்தைக் கட்டுகிறார்கள். ஸ்டைரீன் ஆவி நுரையீரலுக்குக் கேடு என்பதால் இவ்வேலையைக் காற்றோட்டமான இடத்தில், சுவாசக் கவசம் அணிந்து செய்ய வேண்டும்.

குழாயின் துளை தலையின் நட்டநடுவில் அமையாமல் சற்று மேலே அமைவதில் ஒரு நுட்பம் உள்ளது. இழுவிசை மேலே, எடை கீழே என்று பிரிவதால் தலை நீரில் உருளாமல் நிமிர்ந்து நிற்கிறது. இனி அதன் சாய்ந்த முகப்பின்மீது மோதும் நீர் அதைக் கீழ்நோக்கி அழுத்த, படகின் உயரத்திலிருந்து சரிவாக வரும் தங்கூஸ் அதை மேல்நோக்கி இழுக்க, இவ்விரண்டின் போராட்டத்தில் தலை ஆழ்வதும் மேலெழுவதுமாக ஊசலாடுகிறது. மேலெழுந்து நீர்ப்பரப்பைக் கிழிக்கும் கணத்தில் முகப்புக்குப் பின்னால் காற்று புகுந்துகொள்கிறது. மறுபடி ஆழும்போது அக்காற்று குமிழ்களாகச் சிதறிப் புகைபோல் நீள்கிறது. கோனாவின் படகோட்டிகள் இந்த மேலெழுதலை மூச்சு என்றும், குமிழ்த்தடத்தைப் புகை என்றும் சொல்கிறார்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை மூச்சு வாங்கி, இடையில் புகையோடு ஓடும் தலையே நல்ல தலை. நீர்ப்பரப்பிலேயே துள்ளிக்கொண்டிருப்பதும், மூச்சே வாங்காமல் ஆழத்தில் ஓடுவதும் தள்ளுபடி.

இக்குமிழ்களைப் பற்றி மீன்பிடி நூல்களிலும் விளம்பரங்களிலும் ஒரு பிழை நெடுநாளாக உலவுகிறது. வேகமாக ஓடும் தலையின் பின்னால் அழுத்தம் குறைந்து நீரே ஆவியாகிக் குமிழிடுகிறது என்றும், கப்பலின் சுழல்விசிறியில் நிகழும் ‘கேவிடேஷன்’ இதுவே என்றும் கூறுவார்கள். கணக்கு இதை ஒப்பவில்லை. வழக்கமான இழுவேகம் மணிக்கு 8 கடல்மைல், அதாவது நொடிக்கு 4.1 மீட்டர். அவ்வேகத்தில் கடல்நீர் கொடுக்கும் இயக்க அழுத்தம் ஏறத்தாழ 8,700 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ 1,01,300 பாஸ்கல். நீர் தன் இயல்பு வெப்பத்திலேயே கொதிக்க வேண்டுமானால் அவ்வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய முழுதும் நீங்க வேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொண்டு அது நடக்காது. எனவே குமிழில் இருப்பது மேலிருந்து களவாடிய காற்றுதான். தலை தொடர்ந்து மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும் என்று கைவினைஞர்கள் வற்புறுத்துவது முற்றிலும் சரி. அவர்கள் அதற்குச் சொல்லும் காரணமே தவறு. இத்துறையில் இப்படிச் செயல் சரியாகவும் விளக்கம் தவறாகவும் இருக்கும் இடங்கள் மேலும் உண்டு.

நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டை முகப்பின்மீது 8 கடல்மைல் வேகத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குரிய விசை விழுகிறது. வேகத்தின் இருபடிக்கு ஏற்ப விசை கூடுவதால், படகை 10 கடல்மைலுக்கு விரைவாக்கினால் அது ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தலைக்கும் அதற்கே உரிய வேகம் ஒன்று உண்டு. ஐந்து தலைகளை ஒரே நேரத்தில் இழுக்கும் படகுத்தலைவர் அவை அனைத்தும் ஒத்துவரும் வேகத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அத்துடன் அவற்றை எங்கே ஓடவிடுவது என்ற கேள்வியும் எழுகிறது. படகின் பின்னால் வரிசையாக எழும் குறுக்கலைகள் படகின் வேகத்திலேயே பின்தொடர்வதால், படகிலிருந்து பார்ப்பவருக்கு அவை அசையாமல் நிற்பனபோல் தோன்றும். ஆழ்கடலில் அவற்றின் இடைவெளியை வேகம் ஒன்றே தீர்மானிக்கிறது: 8 கடல்மைலில் ஏறத்தாழ 11 மீட்டர், 9 கடல்மைலில் 13.7 மீட்டர். ஓர் அலையின் படகை நோக்கிய சரிவில் தலையை நிறுத்தினால், கீழிறங்கும் நீரின் சாய்வு அதன் ஊசலாட்டத்துக்கு உதவுவதோடு, நீர்ச்சுவரினூடே அது தெளிவாகத் தெரியவும் செய்கிறது. படகின் வேகம் ஒரு கடல்மைல் கூடினால் நான்காம் அலையின் இடம் பத்து மீட்டருக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். உதவியாளர் ரீல்களைச் சுற்றியும் தளர்த்தியும் ஒவ்வொரு தலையையும் மறுபடி இடத்தில் சேர்க்கிறார். பக்கங்களில் நீட்டிய இரு நெடுங்கழைகள் தூண்டில்களை அகலப் பிரித்து, திரும்பும்போது பின்னிக்கொள்ளாமல் காக்கின்றன.

கீழிருந்து பார்க்கும் மீனுக்கு இவையெல்லாம் எப்படித் தெரிகின்றன? ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் செல்லும்போது வளைவதால், நீருக்குள் இருக்கும் கண்ணுக்கு வானம் முழுவதும் தலைக்கு மேலே 97 பாகை விரிவுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கிவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அச்சாளரத்தின் ஆரம் பதினொரு மீட்டர் அளவு. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு ஆழத்தின் கருநீலத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடியாக இருக்கிறது. சாளரத்துக்குள் வரும் பொய்யிரை பிரகாசமான வானத்தின் எதிரே கரிய நிழலுருவமாகத் தெரியும். சாளரத்துக்கு வெளியே, இருண்ட பின்னணியில், ஒளியைச் சிதறடிக்கும் குமிழ்த்தடம் வெண்மையாக மின்னும். தொலைவிலிருந்து மீனை அழைப்பது தலையின் வடிவத்தைவிட அந்தப் புகைதான் என்று கருதுவதற்கு இதனால் இடம் உண்டு.

நிறங்களைப் பற்றிக் கோனாவில் நடக்கும் வாதங்களுக்கு எல்லையில்லை. தூய கடல்நீர் சிவப்பு ஒளியை மிக விரைவாக உறிஞ்சிவிடுவதால், பத்து மீட்டர் அப்பாலிருந்து பார்க்கும் மீனை வந்தடையும் சிவப்பு நூற்றில் சில பங்கே; இளஞ்சிவப்புக் குஞ்சம் அங்கே மங்கிய சாம்பலாகத்தான் இருக்கும். மார்லின் வகைகளின் விழித்திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கூம்புச் செல்கள் இருப்பது கண்டறியப்பட்டுள்ளதால் அவற்றுக்கு நிறமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது; ஆனால் மீன் நெருங்கி வரும் கடைசிக் கணம் வரை நிறத்தைவிட ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடே அதற்குப் பயன்படுகிறது. கைவினைஞர் பெட்டியில் நாற்பது நிறங்களில் குஞ்சங்கள் அடுக்கப்பட்டிருப்பதில் பெரும்பகுதி மனிதக் கண்ணின் ஆசைக்காகவே.

ஒலியும் கணக்கில் வருகிறது. நீருக்குள் பிறக்கும் குமிழ் மணியைப் போல் அதிர்கிறது. அதன் அதிர்வெண் ஆரத்துக்கு எதிர்விகிதமானது என்பதை 1933இல் மின்னெர்ட் என்ற டச்சு இயற்பியலாளர் கணித்தார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழ் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலிக்கும். ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸில். மஞ்சள்துடுப்புச் சூரையை வைத்து ஹவாயில் 1960களில் செய்த சோதனைகளில், அம்மீன் சில நூறு ஹெர்ட்ஸ் அளவிலேயே நன்கு கேட்கிறது என்றும் 1,100 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் செவி செல்வதில்லை என்றும் தெரியவந்தது. அப்படியானால் மென்மையான புகை மீன்களுக்கு ஓசையற்றது. குழிந்த முகப்புள்ள தலை நீரை அறைந்து விழுங்கும் பெருங்குமிழ்களே அவற்றின் காதில் விழும்.

மார்லினின் கண் சாதாரண மீன்கண் அன்று. ஈட்டிமூக்கு மீன்களிலும் வாள்மீனிலும் கண்ணை அசைக்கும் தசைகளுள் ஒன்று, சுருங்கி விரியும் தொழிலைக் கைவிட்டு, வெப்பம் உண்டாக்கும் உறுப்பாக மாறியிருக்கிறது. வாள்மீனின் மூளையருகே இவ்வடுப்பு இருப்பதை 1982இல் பிரான்சிஸ் கேரி வெளியிட்டார். அது தசையிலிருந்து எவ்வாறு உருவானது என்பதைப் பார்பரா பிளாக் விரிவாக ஆராய்ந்தார். குளிர்ந்த ஆழத்துக்குச் சென்றாலும் மூளையும் விழித்திரையும் சூடாக இருப்பதன் பயனை 2005இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது: வெப்பம் கூடக்கூட, விரைந்து மாறும் காட்சியைத் தனித்தனியாகப் பிரித்தறியும் விழித்திரையின் திறன் பன்மடங்கு உயர்கிறது. ஊசலாடும், மின்னும், மறைந்து தோன்றும் பொருளைத் துரத்துவதற்கென்றே இத்தகைய கண் அமைந்திருக்க, மாறாத நேர்கோட்டில் ஓடும் அசல் மீனுருவப் பொம்மையைவிட எந்த மீனையும் ஒத்திராத ஒரு பிசின்தலை அதை அதிகம் ஈர்ப்பது புரிந்துகொள்ளக் கூடியதே.

தாக்குதலின் வேகம் பற்றிய கதைகளையும் குறைத்துக்கொள்ள வேண்டும். மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் பாய்கிறது என்று பொது அறிவு நூல்கள் இன்றும் அச்சிடுகின்றன. தசை சுருங்க ஆகும் நேரத்தையும் வாலின் ஒரு வீச்சில் கடக்கும் தொலைவையும் கொண்டு 2016இல் வெளியிடப்பட்ட மதிப்பீடு அதை மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்கு இறக்கிவிட்டது. மணிக்கு 15 கிலோமீட்டரில் ஓடும் பொய்யிரையைப் பிடிக்க அதுவே தாராளம். மீன் முதலில் தன் ஈட்டிமூக்கால் இரையை அடித்துத் தடுமாறச் செய்வது வழக்கமாதலால், தூண்டில் முள் வாயில் ஏறாமல் மூக்கெலும்பில் வழுக்கிவிடும் முறைகள் பல. எட்டு மணி நேரத்தில் படகு 118 கிலோமீட்டர் நீரைக் கடந்தும் ஒரு மீனும் தொடாத பகல்கள் கோனாவிலும் சாதாரணம்.

முள் ஏறிவிட்டால் போராட்டம் ரீலில் உள்ள உராய்வுத் தடையின் மீது நிற்கிறது. 130 பவுண்டு தாங்கும் நூலுக்குத் தொடக்கத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே தடையை வைப்பதற்குக் காரணம் உண்டு: மீன் நூறு நூறு மீட்டராக நூலை இழுத்துச் செல்லச் சுருளின் விட்டம் குறைகிறது, முறுக்குவிசை மாறாமல் இருக்க, விட்டம் பாதியானால் நூலின்மேல் விழும் இழுவிசை இரட்டிப்பாகும். நீண்ட நூல் நீரைக் கிழித்து வளையும் தடை அதற்கு மேல். எனவே தடையை இறுக்குவதற்கு மாறாக, படகைப் பின்னோக்கி ஓட்டி நூலைச் சுருளில் மீட்பதே தேர்ந்த படகுத்தலைவரின் வழி. இப்போராட்டம் நீள நீள மீனின் குருதியில் லாக்டிக் அமிலம் ஏறுவதால், விடுவிக்கப்படும் மீன் பிழைக்குமா என்பது எவ்வளவு விரைவில் அதைப் படகருகே கொண்டுவந்தார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது. 2009 முதல் கோனா போட்டியில் சில மீன்களின் உடலில், குறித்த நாளில் தானே கழன்று மிதந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் கருவியைப் பொருத்தி விடுகிறார்கள். பார்பரா பிளாக்கின் குழுவும் பங்கேற்கும் இம்முயற்சியில், கோனாவில் விடப்பட்ட மீன்களுள் பூமத்திய ரேகையைக் கடந்து தெற்கே சென்றவையும் பதிவாகியுள்ளன.

விடுவிப்பது அங்கே கட்டாயமில்லை. வாடகைப் படகில் பிடிபடும் மீன் படகுக்கே உரியது என்பது ஹவாயின் நெடுநாள் வழக்கம். மார்லினைப் புகையூட்டி உண்பதும் விற்பதும் அங்கே இயல்பு. 2012இல் அமெரிக்கா இயற்றிய ஈட்டிமூக்கு மீன் பாதுகாப்புச் சட்டம் நாடெங்கும் அம்மீன்களின் விற்பனையைத் தடைசெய்தபோது ஹவாய்க்கு விலக்கு அளித்தது. 2018இல் செய்த திருத்தம், அங்கே இறக்கப்படும் மீனை அங்கேயே விற்கலாம், அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்று அவ்விலக்கைச் சுருக்கியது. பசிபிக்கின் நீல மார்லின் இருப்பு அளவுமீறிப் பிடிக்கப்பட்ட நிலையில் இல்லை என்று 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு மதிப்பீடு கூறுகிறது; அட்லாண்டிக்கில் அதே மீன் அளவுமீறிப் பிடிக்கப்பட்டுக் குறைந்துவிட்டது. இரண்டு கடல்களிலும் இவ்வினத்தின் மிகப் பெரும்பகுதியைக் கொல்வது சூரைக்காகப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு விரிக்கப்படும் ஆயிரம்தூண்டில் கயிறுகளே. பிசின்தலைகளின் பங்கு அதில் மிகச் சிறியது.